கீழேயும் மண்தான்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மேட்டு நிலம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சமுத்திரத்தைத் தெரியும். ஜேசிபி ஓட்டுகிறவன் என்று மட்டும் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜேசிபியை யாரும் ஓட்டலாம். சாக்கடை தோண்டலாம், வீட்டை இடிக்கலாம், அரசியல்வாதி தலையில் பூக்கொட்டலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் மூன்றடி மண்ணை எடுத்துவிட்டு, மிச்சத் தரையைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி விட்டு இறங்குவதற்குத்தான் கை வேண்டும். அந்தக் கை தனக்கு இருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அது என்ன மண் எடுக்கிற வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. மேற்கே மலை. மலையில் மழை பெய்தால் ஓடை, ஓடையில் வந்தால் கண்மாய், கண்மாய் நிறைந்தால் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர். ஆனால் தண்ணீர் மேடு ஏறாது. வாய்க்காலைவிட இரண்டடி மூன்றடி உயர்ந்து கிடக்கிற நிலத்துக்காரன் அடுத்த வயலில் நெல் விளைவதைப் பார்த்துக்கொண்டு, கடலையோ சோளமோ போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். முன்பு கிணறு இருந்தது. கிணறு வற்றியதும் போர் போட்டார்கள். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறக்கி, கடைசியில் வெறும் காற்று வந்தபோது செங்கல் சூளைக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். மேல் மண்ணை எங்களுக்குக் கொடுங்கள். நிலம் தணிந்துவிடும், கண்மாய்த் தண்ணீர் தானாக உள்ளே வரும். உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! படித்தவன், படிக்காதவன் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்படி மண் எடுக்கத் தொடங்கும் நாளில் ஒரு சடங்கு உண்டு. நிலத்துக்காரர் பக்கெட்டின் பற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். சமுத்திரம் அதை நசுக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்குவான். அந்த வருஷம் மழை நன்றாக இருந்தால் தண்ணீரும் உள்ளே வந்துவிடும். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பேராயிற்று. கூமாப்பட்டி வரைக்கும் அந்தப் பேர் போயிற்று. பொய் சொல்லக் கூடாது, அவன் தொட்ட நிலத்திலெல்லாம் தண்ணீர் வந்ததென்னவோ உண்மைதான்.

அவன் நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவன். பதினேழு வயதில் ராஜபாளையத்து மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பஞ்சுத்தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், இருமிக்கொண்டே வெளியே வந்து ஜேசிபியில் கிளீனராக ஏறினான். பிறகு டிரைவர் ஆனான். சூளை வைத்திருக்கிற ஐயாதுரை அவன் வேலையைப் பார்த்துவிட்டு, வேறு எங்கேயும் போகக் கூடாது என்று தன்னிடமே வைத்துக்கொண்டார். செட்டியார்பட்டியில் முனீஸ்வரியைக் கட்டினான். அவள் ஒரே மகள். அவளுடைய அய்யா போனபோது ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் செவல் நிலம் அவளுக்கு வந்தது. மேட்டு நிலம்தான். ஆனால் நிலக்கடலைக்கென்றே யாரோ சலித்துப் போட்டது மாதிரி பொலபொலவென்று இருக்கும். செடியை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தால் ஒரு காய் கூட உள்ளே அறாமல் கொத்தாக வந்துவிடும். முனீஸ்வரிக்கு அந்தக் கடலைதான் பெருமை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் வெறுங்கையோடு போனதில்லை.

சமுத்திரத்துக்குக் கடலை போதவில்லை. அவனுக்கு நெல் வேண்டும். நெல் போட்டால்தான் ஊரில் சம்சாரி என்று, விவசாயி என்று மதிப்பார்கள் என்பது அவன் எண்ணம். ஊரான் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்தவன் வீட்டுக்காரி நிலம் வானம் பார்த்துக் கிடக்கிறதென்று டீக்கடையில் யாரோ கேலி பண்ணியதும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கே வந்து, நம் நிலத்தையும் இறக்கிவிடலாம் என்று அவளிடம் சொன்னான்.

முனீஸ்வரி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "மண்ணக் குடுத்துட்டு என்னத்துல வெதைக்க?" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, மண்ண எடுத்தா கீழ என்ன வெறுங்காத்தா இருக்கும்? கீழயும் மண்ணுதான?"

அவன் போன இடமெல்லாம் சொல்லிப் பழகிய பதில் அது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது அவள்தான்.

மூன்றடி போனதும் வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி, சுக்கான் கல் தெரியத் தொடங்கியது. எல்லா நிலத்திலும் அங்கேதான் நிறுத்துவான். சுக்கான் கலந்தால் சூளையில் செங்கல் வெடித்துவிடும் என்று ஐயாதுரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செங்கலுக்கே ஆகாத மண் பயிருக்கு எப்படி ஆகும் என்று சமுத்திரம் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்திருந்தாலும், தண்ணீர் பட்டால் இளகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருப்பான்.

அந்த ஐப்பசியில் மடை திறந்து தண்ணீர் வந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குள் அது விழுந்த சத்தத்தைக் கேட்க அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். நட்ட நாற்று பத்து நாளில் பச்சை பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. மஞ்சளாகி, சாண் உயரத்திலேயே நின்றுவிட்டது. யூரியா போட்டான். ஜிப்சம் போட்டான். கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் போட்டான். தண்ணீர் வற்றியதும் தரை சிமெண்ட் பூசியது மாதிரி இறுகி, மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. அறுக்க ஒன்றுமில்லை. பக்கத்து ஊர் ஆடுகளை விட்டு மேய்க்கச் சொன்னார்கள். ஆடு கூட ஆசையாய்த் தின்னவில்லை.

அடுத்த வருஷமும் அதே கதைதான். இதற்குள் பக்கத்து நிலத்துக்காரன் சிவபாண்டி சண்டைக்கு வந்துவிட்டான். இவர்கள் நிலம் குழியானதும் அவன் வரப்பு சரிந்து இவர்கள் பக்கம் விழுந்தது. அவன் நிலத்தில் இருந்த ஈரமெல்லாம் இந்தக் குழிக்குள் வடிந்தது. ஒரு மாதம் வாய்த்தகராறு நடந்தது. பிறகு என்ன செய்தான்? சமுத்திரத்தையே கூப்பிட்டுத் தன் நிலத்தையும் எடுக்கச் சொன்னான். அவன் நிலம் குழியானதும் அதற்கு அடுத்த நிலம் மேடாகிவிட்டது. அந்த நிலத்துக்காரரும் கூப்பிட்டார். வாய்க்காலின் இருபுறமும் ஒவ்வொருவராகக் கூப்பிட, சமுத்திரம் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனான். ஒருவரும் பைத்தியக்காரர் இல்லை. அவரவர்க்கு அவரவர் காரணம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது அந்தப் பக்கம் போனால் வாய்க்காலை ஒட்டிச் சீமைக்கருவேல் நிற்கிறது. ஆடி மாதக் காற்றில் எழும்புகிற புழுதி வெள்ளையாக வந்து வீட்டுப் பாத்திரங்களில் படிகிறது.

முதலில் சமுத்திரம் இதை ராசி என்றுதான் நினைத்தான். தன் நிலத்துக்கு மட்டும் ஏதோ தோஷம். செட்டியார்பட்டி வாய்க்காலுக்கு ஏதோ சாபம். பிறகு ஒரு நாள் கூமாப்பட்டிப் பக்கம் பைக்கில் போகும்போது, தான் முன்பு இறக்கிய நிலம் ஒன்றைப் பார்த்தான். அதுவும் வெள்ளை பூத்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதன் நிலத்துக்காரர் ரோட்டில் எதிரே வந்தார். இவனைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தான். அவர், "நீங்க தண்ணியக் கொண்டாந்துட்டீக தம்பி, நமக்குத்தான் வெவசாயம் பாக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சமுத்திரம் அந்த வழியில் போவதை விட்டுவிட்டான். இப்படி அவன் போகாத வழிகள் கூடிக்கொண்டே வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதற்குக்கூட சுற்றிக்கொண்டு போனான்.

முனீஸ்வரி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய்வர ஆரம்பித்தாள். அவள் அவனை ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். வருஷா வருஷம் ஒரு மழை விழுந்ததும், குழிக்குள் இறங்கி ஒரு மூலையில் கடலை ஊன்றுவாள். செடி எப்படியோ முளைத்து வந்துவிடும். மஞ்சளாகப் பூக்கவும் செய்யும். பூ உதிர்ந்ததும் காம்பிலிருந்து விழுது இறங்கி மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போனால்தான் காய். அந்தத் தரையில் விழுதுக்கு இறங்க வழியில்லை. முனை வளைந்து, வெயிலில் கருகித் தொங்கும். முனீஸ்வரி செடி செடியாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவாள்.

போன வருஷம் அப்படிப் பார்த்துவிட்டு வந்தவள் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "எனக்கு நெல்லு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க அய்யா குடுத்த மண்ணக் கொண்டாந்து போடுங்க."

"போடுதேன்" என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, எங்கே போவான்? அவளுடைய மண் செங்கலாகி எந்தெந்த ஊர்ச் சுவரிலோ நிற்கிறது. கண்மாய் வண்டலைக் கொண்டுவந்து போடலாம் என்று அனுமதி வாங்கி ஊர்க் கண்மாய்க்கு மெஷினை ஓட்டிக்கொண்டு போனான். பக்கெட்டை இறக்கினால் சரளைதான் வந்தது. வேறு இடத்தில் இறக்கினான். அங்கேயும் சரளை. பிறகுதான் ஞாபகம் வந்தது. ரோடு போட்டபோது அந்தக் கண்மாயை வழித்து எடுத்தவனும் அவன்தான். கண்மாய்க்கரையில் நின்று தன்னைத்தானே கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டான். திட்டி என்ன செய்ய?

இந்த நிலையில்தான் தங்கபாய் நிலம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு மேற்கே, ஒரு ஏக்கர் செவல். தங்கபாய் புருஷனை இழந்தவள், அறுபது வயதிருக்கும், வேதக்காரி. வாயெல்லாம் சிரிப்பு. எலுமிச்சம்பழம் வைக்க மாட்டாள். ஆனால் பக்கெட்டுக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு செம்பருத்திப் பூவைச் செருகினாள். "எல்லாரும் சாமந்தி வைப்பாகளாம்ல, எங்க வீட்டுல இதான் பூத்துச்சு தம்பி" என்றாள். அவளும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: அம்புட்டு மண்ணையும் எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதா? வாய் பழக்கத்தில் பதிலைச் சொல்லிவிட்டது. "கீழயும் மண்ணுதானக்கா."

முதல் பக்கெட்டில் மண் பொலபொலவென்று வந்தது. சமுத்திரம் இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். செட்டியார்பட்டி மண்ணேதான். சூளைக்குப் போகிற டிப்பரை ஓட்டுகிறவன் பாலகணேஷ். அவனைத் தனியே கூப்பிட்டு, மூன்று லோடை மட்டும் தன் வீட்டுக்காரி நிலத்தில் தட்டிவிட்டுப் போகச் சொன்னான். பாலகணேஷ் ஒன்றும் கேட்கவில்லை. போகிற வழிக்குச் சற்றுத் தள்ளித்தானே.

சாயங்காலம் அவன் நிலத்துக்குப் போனபோது குழிக்கு நடுவில் மூன்று குவியல்கள் சிவப்பாக இருந்தன. முனீஸ்வரி பக்கத்தில் நின்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் கையில் ஒரு வேர் இருந்தது. முண்டு முண்டாக, கடலைச் செடியின் வேர்.

"இது யாரு காடு?" என்றாள்.

"வில்லிபுத்தூர் பக்கம். ஒரு வயசானவிய. தண்ணி ஏறலைன்னு..."

"அவிய இனிமே என்னத்துல வெதைப்பாக?"

கீழயும் என்று அவன் ஆரம்பித்தான்.

"ஒரு நாளுதான எடுத்திருக்கு? போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள் முனீஸ்வரி. "மிச்சத்தையாவது நிப்பாட்டச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் இதுல கைய வைக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் அவன் போனது சொல்வதற்காகத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். போனால் அங்கே ஐயாதுரை நிற்கிறார். தங்கபாய் எல்லாருக்கும் டீயும் பணியாரமும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பக்கெட்டில் புதிதாக ஒரு செம்பருத்தி. "ஏலே சமுத்திரம், நேரமாச்சுல்ல" என்று ஐயாதுரை குரல் கொடுத்தார். நான் எடுக்காவிட்டால் வேறு ஒருவன் எடுப்பான் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. இந்த ஊரில் பாதிக் காரியம் இந்த ஒரு நினைப்பில்தான் நடக்கிறது. பணியாரத்தைத் தின்றுவிட்டு மெஷினில் ஏறினான். பத்து நாளைக்குள் மிச்சமும் இறங்கிவிட்டது. தரை, வழக்கம்போல, தட்டு மாதிரி இருந்தது.

வீட்டில் முனீஸ்வரி கேட்டதற்கு, "பொறவு சொல்லுதேன்" என்றான்.

மண் குவியல் மூன்றும் அப்படியே கிடந்தன. காற்றில் கொஞ்சம் போயிற்று. முனீஸ்வரி அவற்றின்மேல் பழைய சாக்குகளைப் போட்டு, சுற்றிலும் கல் வைத்தாள். தொடமாட்டேன் என்றவள் தொடவில்லை. பறிபோகவும் விடவில்லை.

ஐப்பசி பிறந்து மலையில் நல்ல மழை. ஒரு நாள் மத்தியானம் தங்கபாயிடமிருந்து போன் வந்தது. சந்தோஷத்தில் கத்தினாள். "தம்பி, தண்ணி உள்ள வந்துருச்சு! நாத்துப் பாவப் போறேன். மொதக் கை நீங்கதான் போடணும். ராசியான கையாம்ல, கூமாப்பட்டி வரைக்கும் சொல்லுதாக."

முனீஸ்வரி பக்கத்தில்தான் இருந்தாள். போனில் கேட்டது அவளுக்கும் கேட்டது. "இப்பவாது சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அவன் போனான். ஆண்டாள் கோயில் கோபுரம் மேகத்தில் பாதி மறைந்திருந்தது. தங்கபாய் நிலத்தின் ஒரு ஓரத்தை உழுது, தண்ணீர் கட்டி, நாற்றங்கால் தயார் பண்ணியிருந்தாள். முளை கட்டிய விதைநெல் பெட்டியில் இருந்தது. அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும்" என்றான்.

"வெதச்சிட்டுச் சொல்லுங்க தம்பி. பாஸ்டரு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு, மொளை காஞ்சிருமுல்ல."

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினான். நாற்றங்காலில் கால் வைத்தால் முழங்கால் பாதி வரைக்கும் போக வேண்டும். அவனுக்குக் கணுக்கால் கூட இறங்கவில்லை. மேலே கொஞ்சம் சகதி, அதற்கடியில் கால்விரலில் சுக்கான் உரசியது. அந்தத் தரையை அவனுக்குத் தெரியும். பெட்டியில் கை விட்டான். விதை வெதுவெதுப்பாக, வெள்ளை முளையோடு இருந்தது. அள்ளி வீசினான். தங்கபாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவள் கண்ணோரம் ஈரம் தெரிந்தது.

கரை ஏறியதும் சொன்னான். சொல்லவே செய்தான். "அக்கா, மேல் மண்ண எடுத்திருக்கக் கூடாது. என் வீட்டுக்காரி நெலத்துல எடுத்து ஒண்ணுமே வெளையல. இதுலயும் வராதுக்கா. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

தங்கபாய், தைரியம் இழந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏன் தம்பி மனசப் போட்டு ஒழப்புதீக? கீழயும் மண்ணுதான. நீங்கதான சொன்னீக."

அவள் அவன் கையில் ஒரு பை நிறையப் பணியாரத்தைத் திணித்து, அறுப்புக்கு வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அவன் நேராகச் செட்டியார்பட்டி நிலத்துக்குப் போனான். முனீஸ்வரி அங்கேதான் இருந்தாள். மழை வருகிற மாதிரி இருந்ததால் சாக்குகளை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

"அவிய என்ன சொன்னாக?"

அவன் பையைக் கீழே வைத்தான். "கீழயும் மண்ணுதானன்னு சொல்லிட்டாக."

முனீஸ்வரி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அது கோபமில்லை. யாரிடம் முதலில் அந்த வார்த்தையைக் கேட்டாளோ அவனைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் வைத்தாள். மம்பட்டியை எடுத்து மண்ணை நிரவத் தொடங்கினாள். அவன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மூன்று லோடு மண்ணும் ஒரு மூலைக்குத்தான் வந்தது, ஒரு சின்ன வீடு நிற்கிற இடம். அதிலும் கடலை விழுது இறங்குகிற கனத்துக்கு இருக்குமா என்று அவள் விரலை விட்டுப் பார்த்தாள். அடுத்தவள் செடியின் வேர்கள் தட்டுப்பட்டபோதெல்லாம் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

சமுத்திரத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஐயாதுரை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. முனீஸ்வரி தலையைத் தூக்கவில்லை. அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க மொதலாளி" என்றான். "எந்த ஊரு?"